கோல்ட் றூமில் மூன்று பீப்பாய்கள்

வீடு விலைப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்த நேரம் அகஸ்ரின் கோல்ட் றூமுக்குள் ஒரு பீப்பாயின் வயிற்றில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கத்துப் பழைய வீடுகளில், முன்வாசல் படிகளுக்கு நேர் கீழே, பேஸ்மென்றின் மூலையில் இப்படி ஓர் அறை இருக்கும். யன்னல் கிடையாது. நாலு பக்கமும் சீமெந்துச் சுவர். ஆடி மாத வெயிலிலும் உள்ளே போனால் கை சில்லிடும். கட்டினவர்கள் உருளைக்கிழங்கும் அப்பிளும் வைக்கக் கட்டினார்கள். பிறகு குடிவந்த தமிழ்ச் சனம் அரிசி மூட்டையும் வெங்காயமும் வைத்தது. அகஸ்ரின் அரிசி மூட்டைகளை உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, மூன்று சின்னப் பீப்பாய்களை அங்கே படுக்கப் போட்டிருந்தார்.

“இஞ்சருங்கோ,” என்று படியின் மேலிருந்து யூஜினி கூப்பிட்டார். “வீடு வித்துத் தாற தினேஸ் இப்ப போன் எடுத்தவன். வீடு விலைப்பட்டிட்டுதாம். சித்திரை முடிய வாங்கினவைக்கு வீட்டுத் திறப்புக் குடுக்க வேணுமாம்.”

“எந்தச் சித்திரை?”

“வாற சித்திரை. வேற எந்தச் சித்திரை? உதுக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள்?”

“கேக்கிறன்.”

“பியர் என்ன சொல்லுது?”

“ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் யோசினையாக் கிடக்கு.”

வீட்டை விற்கும் யோசனை அவருடையதும்தான். மகள் ஸ்டெபனி ஸ்ரௌவ்வில்லில் புதிதாக வீடு வாங்கியிருந்தாள். புல் இன்னும் வேர் பிடிக்காத தெரு. பாண் வாங்கவும் கார் எடுக்க வேண்டும். அங்கே தாய் தகப்பனுக்கென்று கீழ்த்தளத்தைத் திருத்தி வைத்திருந்தாள். “அப்பா, உங்கட ஸ்ரஃப் எல்லாம் கொண்டு வாங்கோ. பட் அந்த பரல்ஸ் மட்டும் நோ. ஐ ஆம் சீரியஸ்” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொல்லாவிட்டாலும் பீப்பாய்கள் போகப் போவதில்லை. வெறும் பீப்பாய்களாக அந்தக் குறுகிய படிகளில் இறங்கியவை, நிரம்பிய நிலையில் ஏற மாட்டா. கொஞ்சம் ஆட்டினாலே அடியில் படிந்ததெல்லாம் கலங்கிவிடும். திறப்பைக் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைப் போத்தலில் அடைக்க வேண்டும், அல்லது பேஸ்மென்ற் வடிகாலில் ஊற்றிவிட வேண்டும்.

போத்தலில் அடைப்பது என்றால் சும்மா ஊற்றி மூடுகிற வேலை இல்லை. அதைச் சொல்வதற்கு அந்தப் பியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் லாம்பிக். பெல்ஜியத்தில், பிரசல்சுக்குப் பக்கத்தில் செய்கிற புளித்த பியர். மற்றப் பியர்களுக்குப் புளிக்க வைக்க ஈஸ்ற் போடுவார்கள். இதற்கு ஈஸ்ற் யாரும் போடுவதில்லை. கோதுமையும் வாற்கோதுமையும் அவித்து இறுத்த சாற்றைக் கொதிக்க வைத்து, அகலமான தட்டைத் தொட்டியில் ஊற்றி, யன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு குளிர் இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காற்றில் வருவது விழும். கூரை மரத்தில் இருப்பது விழும். அது எதுவோ அதுதான் பியரைச் செய்யும். விடிந்ததும் பீப்பாயில் விட்டால் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் உள்ளே கிடந்து புளிக்கும். மூன்று வருடத்துப் பியருக்கு ஆழமான மணமும் புளிப்பும் வரும், ஆனால் நுரை வராது. இனிப்பெல்லாம் அதற்குள் செத்துப்போயிருக்கும். இளம் பியரில் இனிப்பு மிச்சமிருக்கும், மணம் இருக்காது. இரண்டையும் கலந்து போத்தலில் அடைத்தால்தான் உள்ளே திரும்பப் புளித்து நுரை பிடிக்கும். இளசு கூடினால் போத்தல் வெடிக்கும். பழசு கூடினால் பச்சைத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். அளவு சொல்ல ஒரு நாக்கும் மூக்கும் வேண்டும்.

அகஸ்ரினுக்கு மூக்கு இல்லை. கொரோனா இரண்டாம் முறை வந்தபோது போனது, அரைகுறையாகத்தான் திரும்பி வந்தது. கோப்பி அவருக்கு எரிந்த றபர் மணத்தது. சாம்பிராணி மணக்கவே இல்லை. புளிப்பு, உப்பு, இனிப்பு மூன்றையும் நாக்கு சொல்லும். அதற்கு மேல் எல்லாம் வெறும் சுவர்.

அவருக்கு வேண்டியிருந்ததோ ஏதோ ஒரு நல்ல பியர் அல்ல. ஒரு குறிப்பிட்ட ருசி. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில், பெல்ஜியத்து முதலாளி மோரிஸின் மேசையில் குடித்த ருசி.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து வெளிக்கிட்டபோது அகஸ்ரினுக்கு இருபத்துமூன்று வயது. ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் லண்டன் என்று சொல்லிப் பிரசல்சில் இறக்கிவிட்டான். அதே விமானத்தில், அதே பொய்யை நம்பி வந்தவர் யோசப். அடுத்த ஊரான கரம்பன் ஆள். ஊரில் ஒருவரையொருவர் கண்டதில்லை, ஆனால் இறங்கி அரை மணி நேரத்துக்குள் ஒரு சிகரெட்டைப் பாதி பாதியாகக் குடித்தார்கள். ஒரு கத்தோலிக்கச் சாமியார் இருவருக்கும் கராஜ் ஒன்றின் மேலே அறை எடுத்துக் கொடுத்து, நகரத்துக்கு வெளியே இருந்த சின்னப் பியர் ஆலையில் வேலையும் பிடித்துக் கொடுத்தார். முதலாளி மோரிஸ். பருத்த, சிவந்த, பேச்சுக் குறைந்த மனிதர். இவர்களுக்குப் பீப்பாய் கழுவுகிற வேலை.

அந்த ஆலையின் மேல்மாடியில்தான் தொட்டி இருந்தது. கூரை ஓடுகளுக்கிடையில் வானம் தெரியும். மூலைக்கு மூலை சிலந்தி வலை. வந்த முதற்கிழமை யோசப் நல்ல பிள்ளையாக ஒரு தும்புத்தடியைத் தேடியெடுத்து வலை முழுவதையும் அடித்துத் துப்புரவாக்கிவிட்டு, மோரிஸைக் கூட்டிவந்து காட்டினார். மோரிஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சிலந்தி பூச்சியைப் பிடிக்கும், பூச்சி பியரைக் கெடுக்கும், வலை அங்கேயே இருக்க வேண்டும் என்பதைக் கையாலும் முகத்தாலும் விளக்க அவருக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. ஓடு உடைந்து மாற்றியபோது பழைய ஓட்டையும் எறியாமல், அதில் இருப்பதும் பியரில் விழட்டும் என்று புது ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தொட்டி நிரம்பி ஆவி எழும்பியதும் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்துவார். இனி எங்கள் வேலை இல்லை என்பதுபோல் கையை விரிப்பார்.

மழையில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போன காலை, சேற்று வயல்களுக்கு நடுவே நீண்ட ஒற்றைத் தெரு, ஈரம் காயாத காலுறை, வெள்ளிக்கிழமைகளில் பெரிய மரமேசையைச் சுற்றி வேலையாட்கள் எல்லோரும் உட்கார, மண் குடுவையிலிருந்து மோரிஸ் ஊற்றுகிற லாம்பிக். அந்த நாட்டில் எங்கு போனாலும் யாராவது விசாக் கடதாசி கேட்பார்கள். அந்த மேசையில் கேட்கவில்லை. ஆறு வருடம் கழித்து அகதிக் கோரிக்கை கடைசியாகவும் மறுக்கப்பட்டபோது அகஸ்ரின் கனடா வந்தார். யோசப் அதற்கு முதல் வருடமே வந்துவிட்டார்.

இங்கே வந்து பள்ளிக்கூடம் ஒன்றில் கெயர்ரேக்கராக வேலை செய்தார். யூஜினியைக் கட்டினார். மகள் பிறந்தாள். மோரிஸ் செத்துப்போனார் என்றும், பிள்ளைகள் ஆலையை விற்றார்கள் என்றும், அந்த இடத்தில் இப்போது தொடர்மாடி நிற்கிறது என்றும் கேள்விப்பட்டார். மதுக்கடையில் சிலவேளை பெல்ஜியத்து லாம்பிக் வரும். அங்கே இன்னும் எத்தனையோ பேர் செய்கிறார்கள். அகஸ்ரின் வாங்கிக் குடித்துப் பார்த்தார். நல்லதுதான். ஆனால் அது வேறு வீட்டுக் கறி.

ஆகவே தானே செய்யத் தொடங்கினார். கோயில் திருவிழாவுக்குச் சோறு காய்ச்சுகிற கிடாரத்தை இரவல் வாங்கினார். சாப்பாட்டுக் கடைகளுக்குப் புகைபோக்கி செய்கிற ஒருவரைப் பிடித்து ஸ்ரெயின்லெஸ் தகட்டில் தொட்டி செய்வித்தார். பின்வளவு ஷெட்டின் சுவர்ப் பலகைகளில் இடைவெளி விட்டார். பியர் கெடாமல் இருக்கப் போடுகிற ஹொப்ஸ் பூவை, கசப்பு போவதற்காகக் கடதாசிப் பையில் கட்டி கராஜுக்குள் வருடக்கணக்கில் தொங்கவிட்டார். அது பழைய சீஸ் மாதிரி மணந்தது. யூஜினி மூக்கைப் பொத்தினார். “நீ இதுக்குச் சொல்லாட்டி, கருவாடு பொரிக்கேக்க நானும் சொல்லன்” என்று அகஸ்ரின் சமாதானம் செய்தார். பிறந்தநாள் வீடுகளில் சனம் விட்டுவைக்கவில்லை. “அகஸ்ரின் அண்ணை ஸ்காபரோவில கள்ளுக்கொட்டில் திறந்திட்டார், ஏறுறதுக்குத்தான் மரமில்லை.”

பெல்ஜியத்துக் குளிர் அளவானது. குளிர்காலம் முழுக்கத் தொட்டியைத் திறந்து வைக்கலாம். ரொறன்ரோக் குளிருக்கு அளவு தெரியாது. முதல் வருடம் தைமாதம் திறந்து வைத்துவிட்டு விடியப் போய்ப் பார்த்தார். தொட்டி முழுக்க ஒரே பனிக்கட்டி, மேலே பொடியன்கள் ஹொக்கி விளையாடலாம் போல. அடுத்த முறை ஐப்பசியில் வைத்தார். அன்றைக்கு ஒரு றக்கூன் உள்ளே வந்து குளித்துவிட்டு, ஈரக் கைத்தடங்களை வேலி வரைக்கும் பதித்துவிட்டுப் போயிருந்தது. பிறகுதான் கம்பி வலை அடித்தார். இலையுதிர்காலத்தின் கடைசியில் ஒரு சில கிழமை, பங்குனியில் ஒரு சில கிழமை, அவ்வளவுதான் இந்த ஊர் தரும் இடைவெளி என்பதைக் கண்டுபிடிக்கச் சில வருடங்கள் சென்றன. அதற்குப் பிறகு செய்ததில்தான் மூன்று பீப்பாய் தேறியது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது. மூத்த பீப்பாய்க்கு ஒரு வயது ஆனபோது துளி எடுத்து வாயில் வைத்தார். ஒரு கணம் ஈர வைக்கோலும் பழைய அப்பிளும் சேர்ந்த அந்த மணம் வந்தது. வந்துகொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் போதும் என்று நினைத்தார். அதற்குள் மூக்கு போய்விட்டது.

இப்போது யாரிடம் கேட்பது? யூஜினி ஒரு கரண்டி குடித்துவிட்டு, “மீன் குழம்புக்கு விட்டால் பழப்புளி மிச்சம்” என்றார். ஸ்டெபனி, “இட்ஸ் லைக் சவர் கான்டி, அப்பா, பட் சோகமான கான்டி” என்றாள். பெட்டிகள் எடுத்துவந்த தினேஸ் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாயிருக்கு அங்கிள்” என்று தண்ணீர் கேட்டான். இவர்கள் யாரும் அந்த மேசையில் இருந்ததில்லை. இருந்தவர் யோசப் ஒருவர்தான் இந்த நகரத்தில் இருந்தார். யூனியன்வில்லில், கல்வைத்த முகப்போடு பெரிய வீட்டில். ஐந்து வருடமாக அவர் அகஸ்ரினுடன் கதைப்பதில்லை.

பிழை ஒரு மைக்கால் வந்தது. யோசப்பின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, மேடை போட்டு, பழைய கூட்டாளி என்று அகஸ்ரினைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அகஸ்ரின் பெல்ஜியத்துக் கதை சொன்னார். கோயிலில் ஏழைகளுக்குக் கொடுக்கிற உடுப்புப் பெட்டியிலிருந்து யோசப் ஒரு பச்சைக் கோட்டை எடுத்தது, கழுத்தில் நரிமயிர் வைத்த பொம்பிளைக் கோட்டு என்று தெரியாமல் இரண்டு குளிர்காலம் போட்டது, பஸ்ஸில் ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. யோசப்பும் சிரித்தார். முன்மேசையில் அவருடைய சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். பிரசல்சில் படித்தவர் என்று சொல்லித்தான் யோசப் அந்தச் சம்பந்தத்தைப் பேசியிருந்தார் என்பது அகஸ்ரினுக்குத் தெரியாது. அடுத்த கிழமை அகஸ்ரின் யோசப்புக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கண்டுகொள்வார்கள். யோசப் யூனியன்வில்லுக்குப் போன பிறகும் தமிழ்ப் பூசைக்கு ஸ்காபரோவுக்கே வந்தார். அகஸ்ரின் வலது பக்க வாங்கில், யோசப் இடது பக்க வாங்கில். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் எல்லோரும் நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்புவார்கள். யோசப் மூன்று பக்கம் திரும்புவார்.

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, சாமியார் சமாதானம் சொல்லச் சொன்னதும் அகஸ்ரின் வாங்கை விட்டு எழும்பினார். யூஜினி சட்டையைப் பிடித்து இழுத்தார், பிடி தவறியது. நடுவழியைத் தாண்டி இடது பக்கம் போனார். யோசப் பின்வரிசைக்குக் கைகூப்பிவிட்டுத் திரும்பினால், முன்னால் அகஸ்ரின்.

“சமாதானம்,” என்று கையை நீட்டினார்.

பீடத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று எவர் சொல்வார்? யோசப் கையைக் கொடுத்தார். “சமாதானம்.”

அகஸ்ரின் கையை விடவில்லை. “ஒருக்கா வீட்டை வா. ஒரு சாமான் குடிச்சுப் பாக்க வேணும்.”

“விசரா, பூசை நடக்குது.”

“வெளியில கேட்டால் நீ நிக்க மாட்டாய்.”

“கையை விடு. சனம் பாக்குது.”

“லாம்பிக். மூண்டு வருசம். எனக்கு மூக்கு இல்லை. உன்ர நாக்குத்தான் வேணும்.”

பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. எல்லோரும் முழந்தாளிட, இவர்கள் இருவரும் மட்டும் கையைப் பிடித்தபடி நின்றார்கள். சாமியாரும் பார்ப்பதுபோல் இருந்தது. யோசப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“சனிக்கிழமை பின்னேரம். இப்ப போ.”

சனிக்கிழமை பின்னேரம் வந்தார். வாசலில் நல்ல கறுப்புக் கம்பளிக் கோட்டோடு நின்றார். கதவைத் திறந்த அகஸ்ரினின் கண் நேரே கோட்டுக்குப் போனது.

“என்ன பாக்கிறாய்? இது ஆம்பிளையளின்ர கோட்டுத்தான்.”

அகஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார். “அண்டைக்கு நான் உதைக் கதைச்சிருக்கக் கூடாது.”

“கூடாதுதான். இப்பவும் சம்பந்தி என்னைக் கண்டால் முதல் பொத்தானைத்தான் பாக்கிறார்.” கோட்டைக் கழற்றி யூஜினியிடம் கொடுத்தார். “தங்கச்சி, கவனமா வையுங்கோ. இவன் எடுத்துப் போட்டிடுவான்.”

“அவருக்கு உள்ள போகாது, யோசப் அண்ணை,” என்றார் யூஜினி. “வயித்தைப் பாருங்கோ.”

கோல்ட் றூமுக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை. யோசப் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அகஸ்ரின் மூத்த பீப்பாயின் முகப்பில் அடித்திருந்த சின்ன ஆணியைக் குறட்டால் இழுத்தார். பொன்னிறத்தில் மெல்லிய நூலாக வந்தது. கிளாஸில் பிடித்து நீட்டினார். முப்பது வருடமாக இந்த உலகத்தில் அந்த ருசி இருக்கிற இடம் இரண்டே இரண்டு என்று நினைத்திருந்தார்: தன் வாய், யோசப்பின் வாய். தன்னுடையது பழுதாகிவிட்டது. இனி இந்த ஆள் சொல்வதுதான்.

யோசப் குடித்தார். ஒரு கண் தானாக மூடியது.

“புளி,” என்றார்.

“புளிதான். மோரிஸின்ரை மாதிரி இருக்கோ?”

யோசப் இன்னொரு வாய் குடித்தார். கிளாஸை லைட்டுக்குப் பிடித்துப் பார்த்தார். மணந்தார். பீப்பாயைப் பார்த்தார்.

“சொல்லன். கிட்டவாவது நிக்குதோ?”

“உண்மையைச் சொல்லட்டே?”

“அதுக்குத்தானே கூப்பிட்டனான்.”

“மோரிஸின்ரை எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியாது.”

“மறந்திட்டியோ?”

“மறக்கிறதுக்கு எப்ப குடிச்சனான்? மோரிஸ் ஊத்தித் தந்தவுடன மேசைக்குக் கீழ வச்சு மூண்டு சீனிக்கட்டி போடுவன். கரைய விட்டுத்தான் குடிப்பன். நீ ஒருநாளும் காணேல்லையோ?”

அகஸ்ரின் குறட்டைக் கீழே வைத்தார். “மோரிஸ் கண்டவரோ?”

“காணாமலோ? ஒருநாள் சீனிப் பேணியையே என்ர பக்கம் தள்ளிவிட்டார். அங்கத்தைக் கிழவன்மாரும் அந்தக் காலத்தில சீனி போட்டுத்தானாம் குடிச்சவை. நீதான் பெரிய ஆள் மாதிரிக் கண்ணை மூடிக் கண்ணை மூடிக் குடிப்பாய். நான் நினைச்சன், இவன் மோரிஸுக்குப் பந்தம் பிடிக்கிறானெண்டு.”

அகஸ்ரின் பின்னால் சாய்ந்தார். குளிர்ச் சுவர் முதுகில் பட்டது. சிரிக்க வேண்டும் போலும் இருந்தது, கோபிக்க வேண்டும் போலும் இருந்தது. ஐந்து வருடக் கோபத்தைத் தாண்டி, பூசையைக் குழப்பி, இந்த ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து வாளியில் இருத்தியது சீனித்தண்ணீர் குடித்த நாக்குக்காகவா? அந்த ருசி இனி ஓரிடத்திலும் இல்லை. இது அதுதான் என்றோ அது இல்லை என்றோ சொல்ல இனி ஒருவரும் இல்லை.

மேலே யூஜினி பெட்டிகளுக்கு ரேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

“அப்ப உனக்கு என்னதான் ஞாபகம்?” என்று கடைசியாகக் கேட்டார்.

“சங்கிலி,” என்றார் யோசப் உடனே.

பீப்பாய் கழுவுகிற சங்கிலி. உள்ளே கை போகாது. ஆகவே வாய்த் துவாரத்தால் ஒரு நீளச் சங்கிலியையும் சுடுதண்ணீரையும் விட்டு, அடைத்து, முற்றத்துக் கல்லில் இருவரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டுவார்கள். சங்கிலி உள்ளே புரண்டு பலகையில் ஒட்டியதையெல்லாம் சுரண்டும்.

“வேலை முடிஞ்சு வந்து படுத்தாலும் காதுக்குள்ள உருண்டுகொண்டே கிடக்கும்,” என்றார் யோசப். “இப்பவும் ஸ்னோ தள்ளுற ட்ரக் றோட்டைச் சுரண்டிக்கொண்டு போனால் எழும்பி இருந்திடுவன். மனிசி கேப்பா, என்னப்பா எண்டு. என்னத்தைச் சொல்லுறது? பிரசல்சில படிக்கேக்க கேட்ட சத்தம் எண்டு சொல்லுறதோ?”

இருவரும் சிரித்தார்கள். சிறிய அறை என்பதால் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. மேலே ரேப் சத்தம் நின்றது.

பிறகு அகஸ்ரின் மற்ற இரண்டு பீப்பாய்களிலிருந்தும் ஒவ்வொரு சின்னக் குடுவை பிடித்தார். பழசில் அதிகமும் இளசில் கொஞ்சமுமாக ஒரு கிளாஸ் கலந்தார். நீட்டியபோது பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

“இதில இன்னொரு கிளாஸ் குடிப்பியோ?”

“மாட்டன்.”

இளசைக் கூட்டினார். “இதில?”

“நீ கெஞ்சினால் அரைக் கிளாஸ்.”

நடுப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் சேர்த்தார். யோசப் குடித்தார், சப்பினார், கிளாஸைத் திரும்ப நீட்டினார். அகஸ்ரின் அதே அளவில் இன்னொன்று கலந்து கொடுத்தார். அதுவும் போனது.

“சீனி வேணுமோ?”

“வேண்டாம். இதுக்கு வேண்டாம்.”

அகஸ்ரினும் அதில் ஒரு வாய் குடித்தார். புளிப்பு, பின்னால் ஓர் ஓரத்தில் இனிப்பு. மற்றதெல்லாம் சுவர். ஆனால் எதிரே வாளியில் இருந்தவர் கிளாஸின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தார். அந்த அளவிலேயே கலப்பது என்று முடிவாயிற்று.

பெரிய வியாழனுக்கு முதல் சனிக்கிழமை போத்தலில் அடைத்தார்கள். மண்டபங்களில் கலியாணம் முடிந்து எறிகிற தடித்த ஷம்பெயின் போத்தல்களை யோசப் காரின் பின்பெட்டி நிறையக் கொண்டுவந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு நின்று மெசினால் தக்கை அடித்தார். “மெல்ல அடி. நாங்கள் வாடகைக்கு எடுத்த மெசின்,” என்றார் அகஸ்ரின். “நீ மெல்ல ஊத்து. பாதி உன்ர சப்பாத்துக்குள்ள போகுது,” என்றார் யோசப். யூஜினி பாணும் நண்டுக்குழம்பும் வைத்துவிட்டு மூன்று முறை கூப்பிட்டார், நாலாம் முறை படியில் வந்து நின்றார். போத்தல்கள் ஸ்ரௌவ்வில்லுக்குப் போயின. “பரல்ஸ்தானே வேண்டாம் எண்டனீ, போத்தல் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே” என்று அகஸ்ரின் மகளிடம் வாதாடி வென்றார். நுரை பிடிக்கிறதா இல்லையா என்பது இலையுதிர்காலத்தில்தான் தெரியும்.

திறப்புக் கொடுப்பதற்கு முந்திய கிழமை, வெறும் பீப்பாய்களை இருவரும் படியால் ஏற்றிப் பின்வளவுக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் ஆள் ஒருவர் தோட்டத்துக்கு மழைத்தண்ணீர் பிடிக்கக் கேட்டிருந்தார். வேலியோரம் அழுக்கான பனி இன்னும் கொஞ்சம் கிடந்தது, மற்ற இடமெல்லாம் சேறு. அகஸ்ரின் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து, உள்ளே பீய்ச்சிக் கழுவினால் போதும் என்றார்.

“பொறு,” என்று சொல்லிவிட்டு யோசப் காருக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சங்கிலி, கடை மட்டையும் கழற்றாத புதுச் சங்கிலி.

“எங்க வாங்கினனீ?”

“ஹாட்வெயரில. நாய்க்கோ எண்டு கேட்டான். ஓமெண்டன்.”

யூஜினி கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சங்கிலி கண்ணி கண்ணியாகத் துவாரத்தால் உள்ளே இறங்கியது. தக்கையை இறுக்கி, கராஜுக்கு முன்னாலிருந்த சீமெந்துத் தரையில் பீப்பாயைப் படுக்க வைத்தார்கள். அகஸ்ரின் ஒரு பக்கம் குனிந்தார். யோசப் மறுபக்கம் குனிந்தார். முதல் உருட்டில் சங்கிலி சறுக்கி ஒரு சத்தம் போட்டது. இரண்டாவது உருட்டில் அது சரியாக எழும்பி விழத் தொடங்கியது. வெறும் மரத்துக்குள் இரும்பு புரளும் அந்தச் சத்தம் வீட்டுச் சுவரில் பட்டு, ஷெட்டில் பட்டு, வளவு முழுக்க நிறைந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பெட்டி ஏற்ற வந்த ஸ்டெபனி காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தாள்.

உருட்டிவிட்டால் மற்றவர் பிடித்துத் திருப்பி உருட்ட வேண்டும். மறந்திருப்பார்கள் என்று நினைத்தால் கை மறக்கவில்லை. யோசப் வலக்காலை முன்னால் வைத்து, பீப்பாய் வரும்போது இடுப்பால் தடுத்து, திரும்பிப் பார்க்காமலே தள்ளினார். அப்போதும் அப்படித்தான் தள்ளுவார். சுடுதண்ணீர் துவாரத்தால் கசிந்து சீமெந்தில் ஆவி எழும்பியது. அகஸ்ரினுக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனால் ஈரக் காலுறை காலில் ஒட்டியது. முற்றத்துக் கல் வழுக்கியது. வெள்ளிக்கிழமை. யாரோ மோரிஸின் மேசையில் கிளாஸ்களை அடுக்கினார்கள்.

யோசப் பீப்பாயைப் பிடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. தக்கையைக் கழற்றி உள்ளேயிருந்து வடிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“துப்புரவு. தண்ணி தெளிவாத்தான் வருது. மற்றதை எடு.”

அகஸ்ரின் தக்கையைத் திரும்ப வாங்கி, அதே துவாரத்தில் வைத்து, உள்ளங்கையால் அடித்து இறுக்கினார்.

“இது கழுவியாச்சடா,” என்றார் யோசப்.

“ஓம், தெரியும். இன்னொருக்கா உருட்டு.”